காலுறையில் கட்டிய உப்பு

பக்கத்துப் பிளாட்டில் புதிதாகக் குடிவந்தவர்களின் குழந்தை காலையிலிருந்து இருமுகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்கக் கேட்க எனக்கே தொண்டை கரகரத்தது.

ஏழு வயதில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், லிட்கம் புறநகரில் இருந்த எங்கள் பிளாட்டில் நானும் இப்படித்தான் இருமினேன். எங்கள் விசா அப்போது முடிவாகவில்லை. இருமல் வந்தால் அம்மா என் வாயைப் பொத்துவார்.

"மெல்ல இருமு பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரி பொலிசுக்குச் சொல்லிப்போடுவா."

ஒரு பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் ஒளிந்தார். தட்டும் சத்தம் நிற்கவில்லை. கடைசியில் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே சிறிது திறந்தார். வெளியே அதே பக்கத்து வீட்டுக்காரி, அயர்லாந்துக்கார நோரா அன்ரி. முடிச்சுப் போட்ட கம்பளிக் காலுறை ஒன்றை இடுக்கால் நீட்டி ஏதோ சொன்னார்.

"அவையின்ர ஊரில இதைத்தான் கழுத்தில கட்டுறவையாம்" என்று நான் மொழிபெயர்த்தேன்.

அம்மா பயந்து பயந்து வாங்கினார். கை சுட்டது. கம்பளி பொசுங்கும் மணம் வந்தது. உள்ளே வறுத்த உப்பு.

"உப்பு ஒத்தணம்! எங்கட வீட்டிலயும் இதுதானே" என்றவர், அதன்பிறகுதான் சங்கிலியைக் கழற்றினார்.

இன்று நானும் உப்பை வறுத்துக் காலுறையில் கட்டிக்கொண்டு பக்கத்து வாசலுக்கு வந்துவிட்டேன். அதே பொசுங்கல் மணம். தட்டுவதற்குக் கையை உயர்த்தினேன். என் காலடிச் சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். யாரோ வாயைப் பொத்தியதுபோல, இருமல் பாதியில் அமுங்கியது.