மாமா ஏறாத மலை

புதுச்சேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடையையும் பேக்கரியையும் ஒட்டியிருந்த சின்ன டிராவல்ஸ் ஆபீசில் என் மாமா வேலை பார்த்தார். அம்மாவின் தம்பி. மலைப்பக்கம் சுற்றுலா போகிறவர்களுக்கு எந்த நாளில் எங்கே போவது, எங்கே தங்குவது, வழியில் எங்கே இறங்கி எதைப் பார்ப்பது என்று திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் அவர் வேலை. ஊட்டி, கொடைக்கானல் எல்லாவற்றுக்கும் போடுவார் என்றாலும் அவர் உயிர் ஆனைமலையில்தான் இருந்தது. பொள்ளாச்சியில் தங்கிக்கொண்டு தினம் ஒரு பக்கமாகக் காட்டுக்குள் போய்வருவதற்கு அவரைப் போல யாரும் திட்டம் போட முடியாது என்று ஊரில் பேச்சு.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அந்த ஆபீசுக்குப் போய்விடுவேன். அம்மா வேலை முடிந்து வந்து கூட்டிப்போகும்வரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மாமா வாடிக்கையாளர்களிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பிரான்சிலிருந்து வக்கான்சுக்கு, அதாவது விடுமுறைக்கு, வந்திருக்கும் குடும்பங்களிடம் அவர் பேச்சு இன்னும் களைகட்டும்.

"வால்பாறை ரோட்டுல ஒன்பதாவது வளைவு வந்ததும் வண்டிய நிறுத்தச் சொல்லுங்க மதாம். கீழ டேம் தெரியும். சத்தம் போடாம நில்லுங்க. வரையாடு தானா வந்து உங்க பக்கத்துல நிக்கும்."

கேட்பவர்களுக்கு அந்த இடத்திலேயே குளிர் எடுக்கும். மாமா அங்கெல்லாம் போனதே இல்லை என்பது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த செய்தி. அவருக்கு மலைப்பாதை வளைவு ஆகாது, வாந்தி வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய், பாதி மலையில் அவரை இறக்கிப் படுக்க வைக்க வேண்டியதாகிவிட்டதாம். அதிலிருந்து மலைகளை எல்லாம் ஆபீசிலிருந்தபடியே ஏறிக்கொண்டிருந்தார். போய்விட்டு வந்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒன்று விடாமல் கேட்டுக்கொள்வார். எந்தக் கடையில் தோசை நன்றாக இருக்கும், எந்த மரப்பொந்தில் இருவாச்சிப் பறவை குஞ்சு பொரித்திருக்கிறது என்பதுவரைக்கும் அவருக்குத் தெரியும்.

நான் ஐந்தாவது முடித்த கோடை விடுமுறையில், அப்பா வேலை பார்த்த தட்டாஞ்சாவடி தொழிற்சாலையில் மெஷின்களைக் கழற்றிப் பழுது பார்ப்பதற்காகச் சில நாள் லீவு விட்டார்கள். எங்கேயாவது போகலாம் என்று அப்பா வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே மாமா சாக்பீசோடு முதலியார்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து கூடத்துச் சிமெண்டுத் தரையில் ஆனைமலையை வரைந்துவிட்டார். உப்பு ஜாடி பொள்ளாச்சி. கவிழ்த்து வைத்த எவர்சில்வர் கிண்ணம் ஆழியார் அணை. அதிலிருந்து வால்பாறைக்கு ஒரு கோடு, பாம்பு நெளிவது போல மேலே மேலே போய் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் முடிந்தது.

அதைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் தினமும் திட்டம் போட்டோம். அம்மாவுக்கு அருவியில் குளிக்க வேண்டும். அப்பாவுக்குக் குளிரில் போர்த்திக்கொண்டு தூங்கினால் போதும். அதற்கு எதற்கு அவ்வளவு தூரம் என்று அம்மா கேட்டதற்கு, இங்கே குளிர் எங்கே இருக்கிறது என்று அப்பா திருப்பிக் கேட்டார். எனக்கு ஒரே ஆசைதான். யானை பார்க்க வேண்டும். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பமானாலும் எங்கள் ஊரில் கோயில் யானையிடம் ஆசீர்வாதம் வாங்காத பிள்ளை கிடையாது. அதனால் யானை எனக்குப் புதிதல்ல. நான் கேட்டது சங்கிலி போடாத யானை.

"இவ்ளோதானா? பாக்கலன்னா ஏன்னு கேளு" என்றார் மாமா.

"அப்போ நீயும் வா" என்றேன்.

மாமா சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டினார். ஆபீசில் சீசன் நேரம், லீவு கிடைக்காது என்று ஏதோ சொன்னார். அவர் வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வால்பாறை ரோட்டின் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டேன்.

"வாடா தம்பி. எத்தன வருஷமா அடுத்தவங்களையே அனுப்பிக்கினு இருப்ப? ஒருவாட்டி நீயும்தான் பாரேன்" என்றாள் அம்மா.

எழுந்து பார்த்தபோது என் சட்டையெல்லாம் சாக்பீசாக இருந்தது. மாமா வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார்.

புறப்படும் நாளன்று அவருக்குத் தெருவே வைத்தியம் பார்த்தது. ஒருவர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். இன்னொருவர் சீட்டில் பழைய பேப்பரை விரித்து உட்காரச் சொன்னார். மருந்துக்கடை மாத்திரை தனி. அம்மா வில்லியனூர் மாதா கோயில் தீர்த்தத்தை அவர் நெற்றியில் தொட்டு வைத்தாள். பொள்ளாச்சிவரை சமதரை என்பதால் மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேன் டிரைவருக்கே வழி சொல்லிக்கொண்டு ராஜா மாதிரி வந்தார்.

முதல் நாள் டாப்ஸ்லிப். அன்று காலை மாமா, லாட்ஜ் முதலாளியைப் பார்த்து அடுத்த சீசன் புக்கிங் பேச வேண்டியிருக்கிறது என்று பொள்ளாச்சியிலேயே நின்றுவிட்டார். நாங்கள் போனோம். வனத்துறை முகாமில் யானைகளுக்குக் கேழ்வரகு உருண்டையை வாயில் ஊட்டுவதைப் பார்த்தோம். எல்லாவற்றின் காலிலும் சங்கிலி இருந்தது. வனத்துறை வண்டியில் காட்டுக்குள் கூட்டிப்போனார்கள். மான், மயில், ஒரு காட்டெருமையின் பின்பக்கம். வழியில் யானைச் சாணி கிடந்தது. இப்போதுதான் போயிருக்கிறது என்று கூட வந்தவர் சொன்னார். திரும்பி வந்து அதை மாமாவிடம் சொன்னேன்.

"சாணியிலேர்ந்து ஆவி வந்துச்சா?" என்று ஆர்வமாகக் கேட்டார். நான் கவனிக்கவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இரண்டாம் நாள் வால்பாறை. ஒன்பதாவது வளைவையாவது பார்த்தே தீருவது என்று மாமா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். குரங்கருவியில் அம்மா ஆசை தீரக் குளித்தாள். அதற்குப் பிறகு மலை ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை நின்றது. அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வளைவுக்கு ஒரு அருள்நிறை மரியே சொன்னாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தார். நான்காவது பலகையைத் தாண்டியதும் டிரைவரின் தோளைத் தட்டினார்.

வேன் நின்றது. மாமா ஓரமாக ஓடி உட்கார்ந்தார். அம்மா முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஏறிப் போகிற வண்டிகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் முகம் கழுவிவிட்டு ரோட்டோரத் தடுப்புச்சுவரில் உட்கார்ந்தபோது, எத்தனையோ பேரை இந்த வழியாக அனுப்பிய மனிதராகத் தெரியவில்லை. காய்ச்சலில் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் அனுப்பப்பட்ட பையனைப் போல இருந்தார்.

"போதும் மச்சான். எல்லாரும் திரும்பிடலாம். உடம்பு முக்கியம்" என்றார் அப்பா.

நான் மேலே போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகம் சுருங்கியிருக்க வேண்டும். மாமா என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"அதெல்லாம் வேணாம் மாமா. நீங்க போய்ட்டு வாங்க. புள்ள யானை பாக்கணும்ல? நான் கீழ ஆழியார் செக்போஸ்ட்டாண்ட டீக்கடையில குந்திக்கினு இருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து இறங்கி வந்த அரசுப் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி அதில் ஏறிக்கொண்டார். பஸ் வளைவில் திரும்பும்போது, ஜன்னலில் அவர் தலையும் எலுமிச்சம்பழமும் தெரிந்தன.

ஒன்பதாவது வளைவில் இறங்கினோம். மாமா வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது போலவே சத்தம் போடாமல் நின்றோம். எங்களைச் சுற்றி ஒரே வெள்ளையாக இருந்தது. மேகம் வந்து மலையில் உட்கார்ந்துவிட்டது. அணையும் இல்லை, ஆடும் இல்லை. பக்கத்தில் நின்ற அப்பாவே பாதிதான் தெரிந்தார். வால்பாறை போய்ச் சேரும்வரை அப்படித்தான். அங்கே தூறலும் சேர்ந்துகொண்டது. அம்மா டீத்தூள் வாங்கினாள். அப்பா வேனிலேயே போர்த்திக்கொண்டு தூங்கி, அம்மாவைப் போலவே வந்த காரியத்தை முடித்துக்கொண்டார். நான் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். யானை என்ன, தேயிலைச் செடியே இரண்டு வரிசைக்கு மேல் தெரியவில்லை. திரும்பும்போது அதே வளைவில் மறுபடி நிறுத்தச் சொன்னேன். அப்போதும் மேகம்தான்.

கீழே இறங்க இறங்க எனக்கு அழுகை வந்தது. பிறகு மாமாவை நினைத்துக்கொண்டேன். ஆசையாக வந்துவிட்டு, ஒரு வளைவைக்கூட ஒழுங்காகப் பார்க்க முடியாமல் காலையிலிருந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மேலே ஒன்றுமே இல்லை என்று அவரிடம் போய்ச் சொல்வதா? அவர் இத்தனை வருஷமாக எல்லாரிடமும் சொன்னது பொய்யாகிவிடாதா? என் அழுகை நின்றுவிட்டது. கடைசி வளைவுகளில் நான் மும்முரமாக ஓர் ஆட்டைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

டீக்கடையில் மாமா தெளிவாகிவிட்டிருந்தார். முகத்தில் களை திரும்பியிருந்தது. பேண்ட் முழங்கால்வரை சேறாக இருந்தது. வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்ததும், "இந்தப் பாப்பாதானுங்களா? அடடா கண்ணு, நீ மட்டும் இங்க இருந்திருந்தீன்னா..." என்று ஆரம்பித்தார்.

"அக்கா, எல்லாருக்கும் சூடா டீ போடுங்க. பாப்பாவுக்கு ஒரு முறுக்கு" என்று மாமா குறுக்கே பேசினார். அந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முறுக்கு டப்பாவைத் திறந்தார்.

வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் ஆட்டை அவிழ்த்துவிட்டேன். ஒன்பதாவது வளைவில் அவர் சொன்ன மாதிரியே வரையாடு வந்தது என்றேன். தாயும் குட்டியுமாக. இவ்வளவு பக்கத்தில்.

"கொம்பு எப்பிடி இருந்துச்சு?"

"பின்னாடி வளைஞ்சி இருந்துச்சு."

"குட்டி என்னா பண்ணுச்சு?"

"கல்லு மேல குதிச்சிது. அப்புறம் அம்மா வயித்துக்கு அடியில போய் நின்னுக்குச்சு."

மாமாவின் கண்கள் பளபளத்தன. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ என்ன பார்த்தாய் என்று மாமாவைக் கேட்டேன்.

"நானா? நான் இன்னாத்த பாத்தேன். டீ குடிச்சேன், தூங்கனேன்."

பாவம் என்று நினைத்து, என் முறுக்கில் பாதியை உடைத்து அவருக்குக் கொடுத்தேன்.

அவர் என்ன பார்த்தார் என்பதை, நான் பள்ளிப்படிப்பை முடித்த பிறகு ஒருநாள் அம்மாதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். மதியத்துக்கு மேல் அந்த டீக்கடை அம்மாள் வந்து மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாராம். அணைத் தண்ணீர் வற்றிக் கிடந்த கரையில் ஒரு யானைக் கூட்டம் இறங்கியிருந்தது. கூட்டத்தில் ஒரு குட்டி. அது சேற்றில் ஏற முடியாமல் சறுக்கிச் சறுக்கி விழ, தாய் பின்னாலிருந்து காலால் முட்டுக் கொடுத்து ஏற்றியது. மாமா கிடைத்த இடத்தில் சேற்றோடு உட்கார்ந்துவிட்டார். மேலே மலை முழுவதும் மேகம் மூடியிருந்ததையும் அங்கிருந்தே பார்த்திருக்கிறார். அன்றைக்கே அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, "பாப்பாகிட்ட சொல்லிடாதக்கா, ஏங்கிப்பூடும்" என்று கேட்டுக்கொண்டாராம்.

ஆனால் மறுநாள் காலையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. திட்டப்படி அன்று ஊருக்குப் புறப்பட்டு, போகிற வழியில் சேலத்தில் சாப்பிட வேண்டும். தான் போட்ட திட்டத்தைத் தானே மாற்றி அறியாத மாமா, பொழுது விடிந்ததும் எல்லாரையும் எழுப்பி, காற்று வாங்கலாம் என்று ஆழியார் அணைக்கரைக்குக் கூட்டிப்போனார். வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றோம். தண்ணீரில் நீர்க்காகங்கள் முங்கி எழுந்தன. எதிர்க்கரையில் யாரோ மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். வேறொன்றும் இல்லை. அப்பா இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா அவசரப்படுத்தாமல் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குச் சலித்துவிட்டது. "இங்க ஒண்ணுமே இல்ல மாமா, வா போலாம்" என்று கையை இழுத்தேன்.

"கொஞ்சம் இரு கண்ணு" என்று சொல்லி, என்னைத் தூக்கி மதகுச் சுவரின் மேல் நிறுத்தி, விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கண்ணை எடுக்காமல் தண்ணீர் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரையாட்டைப் பார்க்கக் கொடுத்துவைக்காத வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்று எனக்குத் தோன்றியது. அவரைத் தேற்றுவதற்காக, நேற்றுப் பார்த்த ஆட்டுக்கு இன்னொரு குட்டியும் இருந்ததாகச் சொன்னேன்.