டவுட்டும் இரண்டு டிஸ்க்குகளும்

கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கின்மேல் காதை வைத்துக் கேட்கிறார் கம்ப்யூட்டர் மெக்கானிக். தெருவில் அவருக்கு 'டவுட்டு' என்று பெயர். சத்தமே போடாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி மீது அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வேகம்தான், ஒப்புக்கொள்கிறார். ஆனாலும், "மூச்சே விடாம வேலை பாக்குறவன எப்படிங்க நம்புறது?" என்பார்.

யாரைத்தான் நம்பினார்? "நான் ஒண்ணும் பண்ணல, அதுவா நின்னு போச்சு" என்று யாராவது சொன்னால், கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டுவார். பிஸ்கட் தூள் கொட்டும். "இதுவும் அதுவா வந்துச்சா?"

அன்று வந்தது அவருடைய அக்கா. கணினி ஆமையாய் நகர்கிறதாம். போன வருடம் இறந்துபோன அவள் கணவரின் படங்கள் அத்தனையும் அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது. டவுட்டும் எடுக்கவில்லை. "ஒண்ணு இருந்தா ஒண்ணத்தான் காவல் காக்கணும். ரெண்டாவது எவன் கைக்குப் போகுமோ!" புத்திசாலித்தனம் என்றே நினைத்துக்கொண்டார்.

வேகத்துக்காக வாங்கிய புது எஸ்எஸ்டியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுவதற்கு முன், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அக்கா மடியில் வைத்தார்.

"கையிலயே வச்சிரு. அசந்தா லினக்ஸ் ஏறுறப்ப இதையும் சேத்து அழிச்சிடும்."

லினக்ஸ் ஏறியதும் ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப மாட்டினார். 'படங்கள்' என்று ஒரு ஃபோல்டர் வைத்து, கணினி தொடங்கும்போதெல்லாம் ஹார்ட் டிஸ்க் அதற்குள் வந்து நிற்கும்படி ஒரு வரி எழுதினார். படங்கள் வந்தன. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இரு, இப்பவே சந்தோஷப்படாத" என்று கணினியை அணைத்துத் திரும்பப் போட்டார். ஃபோல்டர் காலி.

ஒயரைச் சந்தேகித்தார். எஸ்எஸ்டி விற்ற கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினார். கடைசியில் அக்காவையே திரும்பிப் பார்த்தார். "மடியில வச்சிருந்தப்ப கீழ போட்டுட்டியா?"

"ஏன்டா, நானாடா போடுவேன்?" அவள் குரல் உடைந்துவிட்டது. அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கவே வேண்டாம்.

பிறகுதான் தான் எழுதிய வரியைப் பார்த்தார். அதில் ஹார்ட் டிஸ்க்கைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்கள் நிலையானவை அல்ல. முதலில் கண்ணில் பட்டதற்கு முதல் பெயர். இந்தத் தடவை ஹார்ட் டிஸ்க் முந்திக்கொண்டதில் பெயர்கள் இடம் மாறிவிட்டன. ஹார்ட் டிஸ்க்குக்கென்று மாறாத நீள எண் ஒன்று உண்டு. அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். பார்சல் கொண்டுவருபவரிடம்கூட அடையாள அட்டை கேட்கிற மனுஷன், வெறும் பெயரை நம்பிக் கோட்டை விட்டிருக்கிறார்.

"ச்சே... நான்தான்க்கா."

எண்ணை எழுதி மறுபடி தொடங்கினார். ஃபோல்டர் நிறைந்தது. அக்காவின் கணவர் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கும் படம் முதலில் வந்தது. டவுட்டு அதை மூடினார், திறந்தார். திரும்பவும் மூடினார், திறந்தார். இன்னொரு தடவை மூடப்போன கையை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"விடுடா. அவர் தூங்கட்டும்."

டவுட்டு மவுஸை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.