மகளைப் பயமுறுத்த ஒரு கப்பல் படம்

அன்று விமான் நகர் தியேட்டருக்கு மதியக் காட்சிக்குப் போனவர்கள் நானும், என் மனைவி செல்வியும், மகள் கயலும். எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்கு இங்கிலீஷ் படம் புரியாது. ஆனாலும் டிக்கெட் எடுத்தது நான்தான். கயலுக்குச் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. மறுவாரம் கிளம்ப வேண்டும். கரீபியன் கடலில் கொள்ளைக்காரர்கள் கப்பல்களை மறிக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால், பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

நடுங்கியது நான்தான். நீல இருட்டில் கடல் மெல்ல எழுந்து வந்தது. பாய்மரங்கள் மேகம் போல மிதந்தன. என் நாற்காலியே அசைவது போலிருந்தது. ஒரு கப்பல் தீப்பிடித்ததும் கயலின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அரே அப்பா, பயமா இருக்குதா?"

"உனக்கு இல்லியா கண்ணு?"

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது, பாய் இந்தப் பக்கம் உப்பியிருக்கு. சிரிப்புத்தான் வருது."

செல்வி குனிந்து, "அவ கப்பலேறி ரொம்ப நேரமாச்சுங்க. நீங்க கரையிலயே நில்லுங்க" என்றாள்.

திரை வெளிச்சம் கயலின் முகத்தில் அலையாக ஓடியது. அவள் கொள்ளைக்காரர்களைப் பார்க்கவே இல்லை. அவர்களுக்குப் பின்னால் விரிந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகப் பயப்படுவதைத்தான் அன்பு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். "போகாதே" என்று சொல்ல வந்ததை அங்கேயே விழுங்கிவிட்டேன்.

இப்போது அவள் எங்கோ நடுக்கடலில் இருக்கிறாள். அவள் போன் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஒன்றைப் பற்றி மட்டும் கவலைப்படுவதில்லை: அவள் படிப்புக்கு வாங்கி, இப்போது அவள் சம்பளத்திலேயே அடைபட்டுவரும் கடனில் இன்னும் பாக்கியிருக்கும் நாலு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.