பகல் தூக்கத்துக்கு ஒரு கையெழுத்து

மதிவதனி கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பவள். ஒரகடத்தில் கட்டட ஒப்பந்தம் எடுக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன்; எதிர் மேஜை அவளுடையது. சிமெண்ட் வந்ததா என்று கேட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "மேகம் எவ்ளோ மெதுவா போவுது பாருங்க" என்பாள். எனக்குக் கடுப்பாக வரும். ஆனால் வேலையில் ஒரு ஆணி குறைந்தாலும் விடமாட்டாள்.

பிள்ளைப்பாக்கத்துப் பெண். பள்ளி முடித்ததும் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் நான்கு வருடம் இரவு ஷிப்ட். காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் டிவி, மிக்சி, "வயசுப் பொண்ணு பட்டப்பகல்ல படுத்துகினு கீது பாரு" என்று பக்கத்து வீட்டு வாய். அன்றைக்குப் போன பகல் தூக்கம், வேலையை விட்டு ஒன்பது வருடமாகியும் திரும்பி வரவில்லை. ஞாயிறு மதியம் படுத்தால்கூட இமைக்குள் சிவப்பும் மஞ்சளுமாக வயர்கள் ஓடுமாம். தூங்காத தூக்கமெல்லாம் அவளுக்குக் கனவாக ஒழுகிக்கொண்டிருந்தது என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் சிவில் டிப்ளமோ படித்து, கட்டட வேலைகளை முன்னின்று பார்க்க எங்களிடம் வந்தாள்.

போன வருடம் இருங்காட்டுக்கோட்டையில் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனி, பெண் தொழிலாளர்களுக்கு விடுதி கட்டித் தரச் சொன்னது. முதல் நாளே அவர்களிடம் பேசிவிட்டு மதிவதனி நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வரி எழுதினாள்: 'இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் பகலில் ஆறு மணி நேரம் தூங்க வேண்டும்.' அடுத்த பக்கத்திலிருந்து பட்டியல்: இருபத்து நான்கு அறை, அறைக்கு நான்கு கட்டில், மின்விசிறி, பெரிய ஜன்னல். முதல் பக்கம் ரெக்வயர்மென்ட், மற்றதெல்லாம் ஸ்கோப் என்பார்கள் படித்தவர்கள். எதற்காகக் கட்டுகிறோம் என்பது ஒன்று, எதையெல்லாம் கட்டித் தருகிறோம் என்பது இன்னொன்று. இலையில் சாம்பார், ரசம், மோர் என்று வரிசையாக விழுவது வேறு, பசி அடங்குவது வேறு இல்லையா?

கட்டிய எட்டு மாதமும் நாங்கள் பட்டியலைத்தான் பார்த்தோம். முதல் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை, எழுதியவளும்தான். காலை வெளிச்சம் வரட்டும் என்று முன்வரிசை அறைகளின் ஜன்னல்களை ஆசைஆசையாகக் கிழக்கே வைத்தாள். பெண்கள் குடிவந்தபோது, "ஊரை விட்டு வந்ததுங்க, ஒரே ஊர்க்காரங்க ஒண்ணா இருக்கட்டும்" என்று சங்கரன்கோவில் பெண்களுக்கு ஒரு அறை, சாத்தூர் பெண்களுக்கு ஒரு அறை என்று பிரித்துக் கொடுத்தாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்த வாரம் கம்பெனியின் நிர்வாக அதிகாரி வனமாமலை கையெழுத்துப் போட்டு விடுதியை ஏற்றுக்கொள்ள வந்தார். காலை பத்து மணி. பட்டியலில் எல்லாம் சரி. கடைசியாக, கட்டில் வந்த அட்டைப்பெட்டிகளை எண்ண நானும் மதிவதனியும் மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டறையைத் திறந்தோம். அட்டையை விரித்து, துப்பட்டாவால் முகத்தை மூடி ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். செல்வலட்சுமி, சங்கரன்கோவில்.

"இன்னாம்மா, இங்க வந்து படுத்துகினு கீற? உனுக்குக் கட்டில் இல்லியா?"

அவள் பதறி எழுந்தாள். "இருக்குக்கா. அங்கன வெயிலு மூஞ்சியில அடிக்கி. ஒருத்தி அலாரம் வைக்கா, ஒருத்தி போன்ல பேசுதா. ஆளுக்கொரு ஷிப்ட்டுல்லா? எங்க ஊர்ப் பிள்ளைய, வையவும் முடியல."

இரவில் லைனில் நின்றபடியே தூங்கி இரண்டு முறை சூப்பர்வைசரிடம் மாட்டியிருந்தாள். மூன்றாவது முறை மாட்டினால் வேலை போய்விடும். "இன்னைக்கும் நைட்டுதான்க்கா" என்றவளுக்குக் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. மதிவதனி அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வனமாமலை பேனாவைத் திறந்திருந்தார். "லிஸ்ட்ல உள்ளதெல்லாம் இருக்கே மேடம், போட்டுருதேன்."

"போடாதீங்க சார். லிஸ்ட்டு முடிஞ்சிச்சு, வேலை இன்னும் முடியல."

எங்கள் முதலாளி கோபால் போனில் கத்தினார். "அவரே போடறேன்றாரு, உனுக்கு இன்னா வந்துச்சு?" சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறாளே என்று எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அவள் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினாள். படித்துவிட்டு, நானே போய் வனமாமலையை ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

அன்று பகல் செல்வலட்சுமியைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் டிவியை அணைத்துத் தூங்க வைத்தாள். ஒரு வாரத்தில் அறைகளை ஊர் வாரியாக அல்லாமல் ஷிப்ட் வாரியாகப் பிரித்தாள். மேற்கே ஜன்னல் வைத்த பின்வரிசை அறைகள் இரவு ஷிப்ட்டுக்கு, அவற்றுக்குக் கறுப்புத் திரை. ஊர்ப் பெண்களைப் பிரிவதற்குச் செல்வலட்சுமியே அழுதாள். மதிவதனி விட்டுக்கொடுக்கவில்லை.

மறுபடியும் வனமாமலை வந்தார். பதினோரு மணி. "தூங்குறாங்களான்னு பாத்துட்டு வரேன்" என்று நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு மதிவதனி மேலே போனாள். பத்து நிமிடம், அரை மணி, முக்கால் மணி. ஆளைக் காணோம். வார்டன் ஜாஸ்மினை அனுப்பினோம். அவள் வாயில் விரலை வைத்தபடியே இறங்கி வந்தாள்.

"செல்வலட்சுமி அசந்து தூங்குது சார். பக்கத்துக் கட்டில்காரி லீவுல ஊருக்குப் போய்க்கிறா. அதுல மேடம் செருப்பைக்கூட கழட்டாம தூங்குறாங்க."

வனமாமலை நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் அந்த ஒற்றை வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மணி வரை அவளை யாரும் எழுப்பாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன்.