அம்மாவின் முழங்காலும் கெளிற்று முள்ளும்

அம்மாவுக்கு மூட்டு மாற்றிய கதையை அவளிடம் கேட்டால், "ஓம், மாத்தினவை" என்பதோடு முடித்துவிடுவாள். அதனால் உங்கள் அப்பா நான் எழுதுகிறேன். நீங்கள் அப்போது சித்தி வீட்டில் நின்றீர்கள், பிள்ளைகள்.

அந்தச் சத்திரசிகிச்சைக்கு நெடுநாள் காத்திருந்தோம். கட்டிலை விட்டு எழும்பவே அம்மாவுக்கு என் தோள் வேண்டியிருந்தது. திகதி கிடைத்ததும் மன்னாரில் பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வாட்டில் சேர்த்து ரத்தம் எடுத்தார்கள். மாலையில் டொக்டர் வந்தார். "அம்மா, உங்கட சி.ஆர்.பி. கூடிக் கிடக்கு." உடம்பில் எங்காவது கிருமியோ அழற்சியோ இருந்தால் ரத்தத்தில் கூடுகிற பொருளாம் அது. அந்த நிலையில் புது மூட்டு வைத்தால் பிறகு சீழ் பிடிக்கக்கூடும் என்று விளங்கப்படுத்தினார்.

"பல்லு நோகுதா? எங்கயும் புண் கிண்?"

"ஒண்டும் இல்லை, டொக்டர்."

காரணம் தெரியாமல் வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா செபமாலையை எடுத்தாள். எப்போதும் பெருவிரலால் மணி தள்ளுபவள், அன்று நடுவிரலால் தள்ளினாள். பெருவிரல் தனியே விலகி நின்றது.

"கையைக் காட்டு" என்றேன்.

"செபிக்கிற நேரத்தில என்ன கரைச்சல்?"

பிடித்துப் பார்த்தேன். நகத்தடியில் சிவந்து வீங்கிச் சுட்டது.

"கெளிறு மீன் வெட்டேக்க முள்ளுக் குத்தினது. எங்கட சனத்தில ஆர் இதுக்கெல்லாம் டொக்டரிட்டப் போறது? சொன்னால் திருப்பி அனுப்பிப்போடுவினம்." குரல் உடைந்தது. "இன்னும் எவ்வளவு காலம் உங்கட தோளில தொங்கிக்கொண்டு திரியிறது?"

"தொங்கு. தோள் தேய்ஞ்சால் அதையும் மாத்துவம்."

அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். பிறகு அவளே டொக்டரைக் கூப்பிடச் சொல்லி விரலைக் காட்டினாள்.

"விரலுக்கும் முழங்காலுக்கும் என்ன சொந்தம், டொக்டர்?"

"ரெண்டுக்கும் ஒரே ரத்தந்தானே அம்மா ஓடுது. விரலில நிக்கிற கிருமி புது மூட்டில போய்க் குடியிருந்திட்டால் லேசில எழுப்பேலாது."

உள்ளே முறிந்திருந்த முள் நுனியை எடுத்து, மருந்து தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் அம்மா முகம் திருப்பியபடியே வந்தாள். விரல் ஆறிய பிறகு மறுபடி போனோம். இம்முறை சி.ஆர்.பி. இறங்கியிருந்தது. மூட்டை மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு எடுத்த சோதனையில் சி.ஆர்.பி. முதல்முறையைவிட மேலே போயிருந்தது. ஓடிப்போய் டொக்டரிடம் கேட்டேன்.

"வெட்டினால் ஏறத்தான் செய்யும், ஐயா. இறங்குதா எண்டுதான் பார்க்க வேணும்" என்றார் டொக்டர்.

அதன் பிறகு யாராவது வெள்ளை உடுப்போடு அந்தப் பக்கம் வந்தாலே எழுந்து நின்றேன். கடைசியில் டொக்டர் சிரித்துக்கொண்டு வந்தார்: "இறங்குது."

மறுநாள் அம்மா நடைச்சட்டத்தைப் பிடித்து ஜன்னல் வரை நடந்தாள். விழுந்துவிடுவாளோ என்று நான் பின்னாலேயே போனேன்.

"என்னப்பா, கள்ளனைப் பிடிக்கிற மாதிரி வாறியள்?" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே இருந்தாள்.