மார்லிஸும் அறுபது மடங்கும்

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும் எண்ணை மார்லிஸ் உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார்.

"இப்பச் சொல்லு. ஸ்கோப்பு எதுக்கு ஒனக்கு?"

"அறுபது மடங்கு காட்டும்னு போட்டிருக்கே..."

"படிக்க எனக்கும் தெரியும். எதுக்குன்னு கேட்டேன். மானப் பாக்கவா, குறி அட்டையில குண்டு போட்ட ஓட்டைய எண்ணவா, பக்கத்து வீட்டுக்காரிய எட்டிப் பாக்கவா?"

வாங்க வந்தவர் முகம் சிவந்து போகிறது. மார்லிஸ் கவலைப்படுவதில்லை. இரண்டு தொலைநோக்கிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளித் திறந்து, வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவார். குளிரானாலும் சரி, காற்றானாலும் சரி, அங்கே போய்த்தான் பார்க்கவேண்டும். "கடை டியூப்லைட்டுல பத்தடி தூரத்த எந்தக் கண்ணாடியும் நல்லாத்தான் காட்டும். மான் என்ன டியூப்லைட்டுக்குக் கீழயா நிக்கும்?"

மொன்டானாவில் எங்கள் ஊர் வேட்டைச் சாமான் கடையில் தொலைநோக்கி மேசை பத்தொன்பது வருடங்களாக மார்லிஸ் ஹாகனுடையது. பக்கத்து மேசையில் நான் தூண்டில் விற்கிறேன். அந்த அம்மாளுக்கு வயது அறுபத்திரண்டு. ஆளுயரம் கதவு உயரம். வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் இடது சுட்டுவிரலின் நுனி போய்விட்டது. மிச்சமிருக்கும் மொட்டை விரலால்தான் யாரையும் சுட்டிக்காட்டிப் பேசுவார். எதிரில் நிற்பவரின் மூக்குக்கண்ணாடி அழுக்காக இருந்தால் கேட்காமலே உருவி, சட்டை முனையால் துடைத்து, மறுபடி மாட்டிவிடுவார். மதியம் பன்னிரண்டேகாலுக்குத் தன் வண்டிக்குள் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். அந்த இருபத்தைந்து நிமிடம்தான் கடையில் சத்தமே இருக்காது.

அவர் கோபம் ஆள் பார்த்து வருவதில்லை. போன வருடம் பல் மருத்துவர் ஒருவர், பழைய கார் ஒன்றின் விலைக்கு வாங்கிய தொலைநோக்கியைப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார். மார்லிஸ் அதன் அடியில் இருந்த முக்காலியை ஒரு விரலால் தட்டினார். அது காய்ச்சல் கண்டவன் போல் நடுங்கியது. "காசு பூராத்தையும் குழாயில கொட்டிட்டு ஸ்டாண்டுக்குக் கஞ்சத்தனம் பண்ணியிருக்க. இதுல மான் தெரியாது சாமி, மானோட ஆட்டம்தான் தெரியும்." குறி பார்த்துச் சுட்டுப் பழகும் சுடுதளத்துக்காரர்கள் வந்தால் வேறு பாட்டு: "நூறு கெஜத்துல சின்ன ஓட்டைய எண்ண இருபத்தஞ்சு மடங்கு போதும். ஜூம ஏத்துனா படம் பெருசாகும், தெளிவாகாது. இருட்டிக்கிட்டு வரும். வெயில் ஏறுனா தரையில இருந்து கெளம்புற அனலையும் சேத்துப் பெருசாக் காட்டும். அட்டை ஆத்துக்குள்ள கெடக்குற மாதிரி நெளியும்."

ஆனால் அவர் உண்மையிலேயே கொதிப்பது கையில் காசு குறைவாக உள்ளவர்கள்மேல்தான். கெட்ட சாமானை வாங்கினால் இன்னொன்று வாங்க அவர்களால் முடியாது என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தெரிதல் வாயில் வரும்போது வசவாகத்தான் வருகிறது.

ஆகஸ்டில் கடை முதலாளி டுவைட் வாசலருகே பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கினார். பெயர் கேள்விப்படாத எவனோ செய்தது. பெரிய குழாய், பெரிய எண், சின்ன விலை. மார்லிஸ் ஒன்றைப் பிரித்து வெளியே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இருபத்தஞ்சு வரைக்கும் கண்ணாடி. அதுக்கு மேல பாலு மாதிரி மங்கல். இத நான் விக்க மாட்டேன்."

"நீ விக்க வேணாம். அதுவே வித்துக்கும்" என்றார் டுவைட்.

அப்படியே நடந்தது.

ஆர்லோ ப்ரூயிட் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். சாந்தமான மனிதர், தடித்த மூக்குக்கண்ணாடி. மனைவி, மூன்று பெண்கள். அவர்கள் வீட்டில் குளிர்காலக் கறி என்றால் நவம்பரில் அவர் அடிக்கும் எல்க் மான்தான். அது கிடைத்தால் மே மாதம் வரை கவலையில்லை. மார்லிஸ் அவருக்குச் சின்னதாக ஒன்றை எடுத்துவைத்தார். முப்பது மடங்கோடு நின்றுவிடும். விலை கோபுரத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

"ஒன்ன மாதிரி கண்ணாடி போட்டவனுக்குக் கண்ணக் கொஞ்சம் தள்ளி வெச்சாலும் முழுசாத் தெரியணும். இதுல தெரியும். நில அளவைக்காரங்க தூக்கிப்போட்ட மர ஸ்டாண்டு ஒண்ணு ஏங்கிட்ட கெடக்கு, சும்மா எடுத்துக்கோ."

ஆர்லோ கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தார். "அது ரெண்டு பங்கு கிட்ட காட்டுமில்ல மார்லிஸ்? வெலையும் கம்மியா இருக்கு..."

அன்றைக்குக் கடையில் கூட்டம். பேருந்தில் வரும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மார்லிஸ் மொட்டை விரலை நீட்டினார். "ஊர்ப் புள்ளைங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு ஓட்டுற. சொன்னா மண்டையில ஏறாத ஆளு கையிலயா ஸ்டியரிங்கக் குடுத்து வெச்சிருக்கோம்? நல்லா இருக்குய்யா ஊரு!"

யாரோ சிரித்தார்கள். ஆர்லோவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

எங்கள் பகுதியில் ஆண் எல்க்கைச் சுடவேண்டுமென்றால் அதன் கொம்பின் கீழ்ப்பாதியில், புருவத்துக்கு மேலே, நான்கு அங்குலக் கிளை ஒன்றாவது இருக்கவேண்டும். அது இல்லாதது இளசு; அதைத் தொடக்கூடாது. நவம்பர் இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம் ஆர்லோ பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் நின்ற ஒரு ஆணைத் தொலைநோக்கியில் பார்த்தார். வாசல் கோபுரத்திலிருந்து வாங்கிய தொலைநோக்கி. அறுபதுக்கு ஏற்றினார். கலங்கலாகத் தெரிந்தது, ஆனால் கிளை தெரிந்தது. குனிந்து ஊர்ந்து கிட்டே போனபோது மரங்களுக்கு நடுவே உடம்பு மட்டும்தான் தென்பட்டது. பார்த்ததை நம்பிச் சுட்டார்.

விழுந்த மிருகத்தின் தலையைத் தூக்கிப் பார்த்தால் கிளை இல்லை. அது நின்ற இடத்துக்குப் பின்னால் பட்டுப்போன ஊசியிலை மரம் ஒன்றின் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது.

அக்கம்பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆர்லோ மலையுச்சிக்கு ஏறிப்போய், சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து வேட்டைக் காவலரைக் கூப்பிட்டுத் தானே சொன்னார். அவர்கள் வந்து கறியை எடுத்துப்போய் அன்னதானக் கூடத்துக்குக் கொடுத்தார்கள். தானே சொன்னதால் தண்டனை குறைந்தது. ஆனாலும் அடுத்த வருடத்து வேட்டை உரிமம் போய்விட்டது.

நான்கு நாள் கழித்து அந்தப் பெட்டியோடு ஆர்லோ கடைக்கு வந்தார். நடந்ததை டுவைட்டிடம் மெல்லிய குரலில் சொன்னார். டுவைட் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பது நாள் தாண்டிடுச்சே ஆர்லோ. அதோட, மானப் பாத்துச் சுடவேண்டியது நீதான? அதுக்கு ஸ்கோப்பு என்ன பண்ணும்?"

மார்லிஸ் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். கடைசி வாக்கியம் காதில் விழுந்திருந்தது. அலங்காரத்துக்காகச் சுவரில் மாட்டியிருந்த கொம்பு ஒன்றைக் கழற்றினார். கீழ்க்கிளை இல்லாத இளங்கொம்பு. அதை ஆர்லோ கையில் திணித்தார்.

"ஆத்துக்கு அந்தாண்ட வைக்கோல் வயல்ல வேலி இருக்கில்ல? அங்க போய் நில்லு. கொம்பத் தூக்கிப் புடி. வேலிக்கட்டை பின்னால வர்ற மாதிரி."

ஆர்லோ வண்டியை எடுத்துக்கொண்டு பாலம் சுற்றிப் போனார். ஐந்நூறு கெஜத்துக்கு அப்பால் சின்னப் பொம்மை போல நின்று கொம்பைத் தூக்கினார். மேகம் மூடியிருந்தது, பகல் ஒரு மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. மார்லிஸ் இரண்டு முக்காலிகளை நிறுத்தி, ஒன்றில் ஆர்லோ திருப்பிக் கொண்டுவந்ததையும் மற்றதில் சின்னதையும் மாட்டினார். டுவைட்டின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். வாங்க வந்தவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"பாரு. அறுபதுல வெச்சிருக்கேன். கொம்புல கெள இருக்கா, இல்லையா?"

டுவைட் குனிந்தார். திருகினார். மறுபடி திருகினார். "இருக்கு... மாதிரிதான்."

"மாதிரி வேணாம். இப்பச் சுடணும். இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"இப்ப இதுல பாரு."

சின்னதில் வெகுநேரம் பார்த்தார் டுவைட். நிமிர்ந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. "சரி. அவனுக்குப் பணத்தக் குடுத்துடலாம்."

"பணமா?" மார்லிஸின் குரல் ஆற்றைத் தாண்டிப் போயிருக்கும். "நீ குடுக்கற காசுக்கு மூணு புள்ளைங்க மே மாசம் வரைக்கும் சாப்புடுமா? ஒனக்கு இது பால்னு ஆகஸ்டுலயே சொன்னேன்யா! நான் எப்படா சாப்பிடப் போவேன்னு காத்திருந்து, விவரம் தெரியாத மனுசன் தலையில கட்டியிருக்கியே, நீயெல்லாம் ஒரு வேட்டைக்காரனா?"

ஆர்லோ கொம்போடு திரும்பி வந்து வண்டியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

"அவர் காத்திருக்கல மார்லிஸ். நான்தான் காத்திருந்தேன்."

மார்லிஸ் திரும்பினார்.

"அன்னிக்கி நீ சொன்னது புரிஞ்சது. சின்னதையே வாங்கலாம்னுதான் ரெண்டு நாள் கழிச்சி வந்தேன். வாசல்ல நின்னு பாத்தா நீ யாரையோ வெளுத்துக்கிட்டு இருந்த. மறுபடியும் அத்தன பேர் முன்னால எனக்குத் தாங்காது. நீ வண்டியில ஒக்காந்து சாப்பிடுறவரைக்கும் இருந்து, உள்ள வந்து, நீ திரும்பறதுக்குள்ள வாசல்ல கையில கெடச்சத வாங்கிட்டுப் போய்ட்டேன். அவ்வளவுதான்." கொம்பை நீட்டினார். "அவரு மேல இருக்கற தப்பு அவருக்கு. ஒம்மேல இருக்கறதயும் நீ எடுத்துக்கணுமில்ல?"

அவர் குரல் உயரவே இல்லை. அவ்வளவு கோபத்தை நான் அந்தக் கடையில் அதுவரை பார்த்ததில்லை.

மார்லிஸ் கொம்பை வாங்கிக்கொண்டார். உள்ளே போய்க் கொம்பை மாட்டினார். கோணலாக மாட்டினார்.

மறுநாள் காலையில் கோபுரம் இல்லை. பின்கதவு வழியாக எங்கே போனதென்று டுவைட்டை யாரும் கேட்கவில்லை. ஆர்லோவுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. மார்லிஸ் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அந்த வாரம் இரண்டு நாள் விடுப்பு எடுத்தார் என்பது தெரியும். அவர் வேட்டையாடி மலையிலிருந்து இறக்கிய பெண் எல்க்கில் பாதி ப்ரூயிட் வீட்டுக்குப் போனதென்றும், அதை ஆர்லோ வாங்க மறுத்து, அவர் மனைவி வாங்கிக்கொண்டாரென்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆர்லோ இன்னும் எங்கள் கடைக்குள் வருவதில்லை. பேருந்து வாசலைக் கடக்கும்போது திரும்பிப் பார்ப்பதுமில்லை.

மார்லிஸ் சாதுவாகிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். பல் மருத்துவர் போன வாரமும் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்.

நேற்று, மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். முழங்கை தேய்ந்த சட்டை. பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுல அறுபது மடங்கு காட்டுறது எதும்மா? வெல கம்மியா?" என்றார்.

மார்லிஸின் கழுத்து சிவப்பது என் மேசையிலிருந்தே தெரிந்தது. மொட்டை விரல் பாதி உயரம் வந்தது. வாய் திறந்தது. பிறகு மேசைமேல் கிடந்த பென்சிலை எடுத்துக் குதிரைக்குக் கடிவாளம் போட்டாற்போல் குறுக்கே கடித்துக்கொண்டு, வெளிக்கதவைத் திறந்து, வந்தவர் தாண்டிப் போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். பென்சில் முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.