மடியில் வந்த வழக்குக் கட்டு

ஸ்கூட்டர் வாங்கச் சொல்லி ஆபீசில் இளைய சகாக்கள் நச்சரிக்கிறார்கள். நான் இன்னும் பஸ்ஸில்தான் வருகிறேன். தூங்கலாம். பக்கத்துக்காரர் பேப்பரை ஓசியில் படிக்கலாம். எருமை குறுக்கே வந்தால் கத்த வேண்டியவர் டிரைவர். இன்னொரு காரணமும் உண்டு.

குத்தகை வழக்கு விசாரிக்கும் அலுவலகத்தில் நான் அப்போது கிளார்க். குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்து, ஊருக்கு ஊர் நிலக்காரரும் குத்தகைக்காரரும் முட்டிக்கொண்டிருந்த நேரம். மாரிமுத்து என்ற குத்தகைக்காரரின் வழக்குக் கட்டை, குறிப்பெழுத வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். எடுத்துப் போகக் கூடாது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டதாக நிலக்காரரின் அப்பா கைப்பட எழுதிக் கொடுத்த கடிதம்தான் மாரிமுத்துவுக்கு இருந்த ஒரே அத்தாட்சி. அதன் அசல் அந்தக் கட்டில் இருந்தது. மறுநாள் காலை விசாரணை.

அந்தக் காலையில் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆபீசுக்குப் போகப் பாபநாசத்தில் பஸ் ஏறினேன். நிற்கத்தான் இடம். வழக்கம்போல, உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் மடியில் பையைக் கொடுத்தேன். கூட்டம் என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனது. அய்யம்பேட்டை தாண்டி எட்டிப் பார்த்தால் அந்த அம்மா இல்லை. இறங்கும்போது பையை அடுத்து உட்கார்ந்தவரிடம் ஒப்படைத்திருக்கிறார். அந்த அடுத்தவர் நிலக்காரர் சபாபதி. கடிதமே பொய் என்று வாதாடுகிறவர். ஜன்னலோரம் வேறு.

கடிதம் வாய்க்காலில் மிதப்பதையும், மாரிமுத்துவின் வயல் போவதையும், நான் சஸ்பெண்ட் ஆகி மாமனார் வீட்டில் உட்கார்ந்திருப்பதையும் வரிசையாகப் பார்த்து முடித்துவிட்டேன். வாழைத்தார், கோழிக்கூடை, ஒரு பெரியவரின் கால் எல்லாவற்றையும் மிதித்து முன்னால் போனேன். கோழிக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"பை என்னுதுங்க" என்றேன், மூச்சு வாங்க.

"தெரியும். வாய் தொறந்து கெடக்கு. கட்டு மேல எம் பேருதான் கொட்டை எழுத்துல இருக்கு" என்றார் சபாபதி.

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "மடியில குடுத்த பைங்க இது. மாரிமுத்துவ நான் ஆபீஸ்ல வச்சுப் பாத்துக்கறேன். நீங்க மொதல்ல அந்தப் பெரியவர் கால்லேருந்து எறங்குங்க."

ஆபீசில் ஒரு மணி நேரம் கத்தினார். ஆனாலும் கடிதம் உண்மை என்றே முடிவானது. மாரிமுத்துவின் பெயர் பதிவானது.

அடுத்த வாரம் அதே பஸ், அதே கூட்டம். சபாபதி என்னைக் கண்டதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பியபடியே, பைக்காகக் கையை மட்டும் நீட்டினார்.

கொடுத்தேன். அன்று அதில் தயிர்சாதம்தான். கட்டை வீட்டுக்குக் கொண்டுபோவதை விட்டுவிட்டேன், பஸ்ஸை விடவில்லை.